தரங்கம்பாடி: ஒரு ராத்திரியாவது தங்க வேண்டிய ஊர்

கடலோரநடை

மாயவரத்தில் இறங்கி, பொறையார் வழியாகக் காரைக்கால் போகும் பேருந்தில் ஏறுங்கள். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் எல்லாம் தாண்டினால் காற்றில் உப்பு தெரிய ஆரம்பிக்கும். அந்த இடம் எது என்று கண்ணை மூடிக்கொண்டே என்னால் சொல்ல முடியும். பதினோரு வருடமாகத் தை மாதம் தவறாமல் போகிறேன். எனக்கு அது சொந்த ஊர் இல்லை, உறவுக்காரர்கள் யாரும் அங்கே இல்லை. ஆனாலும் வருடத்தில் ஒரு முறை போகாவிட்டால் எதையோ விட்டுவிட்டது போலவே இருக்கிறது.

பெரிய சாலையிலிருந்து கிழக்கே திரும்பினால் வெள்ளையடித்த ஒரு வாசல்வளைவு. டென்மார்க்கிலிருந்து வந்து இந்த ஊரை ஆண்ட டேனிஷ்காரர்கள் 1792-ல் கட்டியது. மேலே அவர்கள் அரசருடைய முத்திரை. அதற்குள் நுழைந்துவிட்டால் ராஜா வீதி நேரே கடலுக்குப் போகிறது. வழியில் 1701-ல் கட்டிய சீயோன் தேவாலயம், 1718-ல் கட்டிய புது எருசலேம் தேவாலயம், உருண்டைத் தூண் வைத்த தாழ்வாரங்கள், பெரிய மரக்கதவுகள். பத்து நிமிடம் நடந்தால் வீதி முடிந்து திடல் வந்துவிடும். அந்தத் திடலில் 1620-ல் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை. அதற்கு அப்பால் கடல்தான்.

அவ்வளவுதான் ஊர், சின்னதாக இருப்பதே அதன் அழகு. குறுக்கே ராணி வீதி, அட்மிரல் வீதி, தட்டாரத் தெரு என்று சில தெருக்கள். எல்லாவற்றையும் ஒரு காலை நேரத்தில் நடந்து முடித்துவிடலாம். அப்புறம் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, மறுபடி அதே வீதியில் நடங்கள் என்பதுதான். காலையில் வெயில் கடல் பக்கத்திலிருந்து வீதிக்குள் நீளமாகப் படுக்கும். மதியம் சுவரெல்லாம் வெளுத்துப் போய்க் கண் கூசும். நாலு மணிக்கு மேல் கோட்டை மதிலின் மங்கிய மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவக்கும். ஒரே வீதிதான், மூன்று வேளையில் மூன்று வீதியாகத் தெரிகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ராத்திரி. வேனில் வந்த கூட்டம் எல்லாம் ஆறரை ஏழு மணிக்கு வேளாங்கண்ணிக்கோ நாகூருக்கோ கிளம்பிவிடும். கடை விளக்குகள் அணையும். அதற்குப் பிறகு ஊரில் கேட்பது அலை ஒன்றுதான். பகலிலும் அதே அலைதான் அடித்துக்கொண்டிருந்தது, ஆனால் பேச்சுச் சத்தத்தில் நமக்குக் கேட்கவில்லை. ராத்திரி படுத்துக்கொண்டு கேட்டால், ஒவ்வொரு அலையும் கல்லில் மோதி, கொஞ்சம் நின்று, சரளைக்கல்லை இழுத்துக்கொண்டு திரும்புவது தனித்தனியாகக் காதில் விழும்.

இங்கே யாருக்காவது தரங்கம்பாடியோடு பழக்கம் உண்டா? போனவர்கள், பிறந்தவர்கள், வேலை பார்த்தவர்கள் எல்லாரும் எழுதுங்கள்.

பயணப்பித்தன்

நான் இரண்டு முறை போயிருக்கிறேன் நண்பரே. பூம்புகார், திருக்கடையூர், தரங்கம்பாடி, காரைக்கால் என்று ஒரே நாளில் முடித்தோம். கோட்டைக்கு ஒரு மணி நேரம் போதும் என்பது என் கருத்து. உள்ளே அருங்காட்சியகத்தில் பழைய நாணயம், பீங்கான், ஓலை எல்லாம் வைத்திருக்கிறார்கள், அதை மட்டும் விடாதீர்கள்.

இன்னொன்று, அந்தக் கடற்கரையில் ஓசோன் அதிகம், அதைச் சுவாசித்தால் உடம்புக்கு நல்லது என்று எல்லாப் பயணப் பக்கங்களிலும் போட்டிருக்கிறார்கள். உண்மையாகவே காற்று வேறு மாதிரி இருந்தது. மூச்சு லேசானது.

கடல்வேதி

அந்த ஓசோன் கதையைத் திருத்தியே ஆக வேண்டும், ஏனென்றால் ஆஸ்துமா உள்ளவர்கள்கூட அதை நம்பிப் போகிறார்கள்.

வானத்தில் உயரே இருக்கிற ஓசோன்தான் நமக்குக் குடை. தரையோடு இருக்கிற ஓசோன் நுரையீரலை எரிச்சல்படுத்தும் வாயு. ஒரு கடற்கரையில் அது நிஜமாகவே அதிகம் இருந்தால், அங்கே போகாதீர்கள் என்றுதான் மருத்துவர்கள் சொல்வார்கள். ‘கடல் வாசனை’ என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு டைமெத்தில் சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மம். கடலில் மிதக்கும் நுண்ணிய பாசிகளிலிருந்து உண்டாவது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் இந்த வாசனையை ஓசோன் என்று தவறாக நினைத்துக்கொண்டு நோயாளிகளைக் கடற்கரைக்கு அனுப்பினார்கள். அந்த நம்பிக்கைதான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மூச்சு லேசானது என்று நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. தூசியும் புகையும் இல்லாத காற்று நேரே வங்கக் கடலிலிருந்து வருகிறது. அதுவே போதும், தரங்கம்பாடியைப் புகழ ஓசோன் வேண்டியதில்லை.

அறிவியலில் அந்த ஊருக்கு வேறு பெருமை இருக்கிறது. உயிரினங்களுக்குப் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768-ல் கிறிஸ்தவ மிஷன் மருத்துவராக அங்கே வந்தவர். இந்தச் சுற்றுவட்டாரச் செடிகொடிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பியவர். நம் கறிவேப்பிலையின் தாவரவியல் பெயரில் ‘கோனிகி’ என்று வருகிறதே, அது இவர் பெயர்தான். நம் ஒவ்வொரு தாளிப்பிலும் தரங்கம்பாடி கொஞ்சம் இருக்கிறது என்று என் மாணவர்களிடம் சொல்வேன்.

பொறையார்மண்

நான் பொறையாரில் பிறந்து வளர்ந்தவன். தரங்கம்பாடி எங்களுக்கு மிதிவண்டி தூரம். இப்போது வளைகுடாவில் இருக்கிறேன். இந்த இழையைப் பார்த்ததும் வேலையை அப்படியே வைத்துவிட்டு எழுதுகிறேன்.

யாரும் ரயிலைப் பற்றிச் சொல்லவில்லையே. மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ரயில் ஓடியது. 1926-ல் போட்ட மீட்டர் கேஜ் பாதை. மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார், கடைசியில் தரங்கம்பாடி. 1986-ல் நிறுத்தினார்கள். அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. நிறுத்திய பிறகும் பல நாள், ரயில் வருகிற நேரத்துக்கு எங்கள் பாட்டி வாசலுக்கு வந்து நிற்பார். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அவர் உலை வைப்பார். வீட்டில் கடிகாரம் இருந்தது, ஆனால் அவருக்கு அது வேண்டியிருக்கவில்லை.

இந்த ஊர் ஏன் சின்னதாகவே நின்றுவிட்டது என்று கேட்டால், அதற்கும் ரயில்தான் காரணம் என்பேன். 1845-ல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சேராம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ் கம்பெனிக்கு விற்றார்கள். அப்புறம் 1860 வரை தஞ்சாவூர் ஜில்லாவுக்கே தலைமையிடம் இங்கேதான். கலெக்டர் இங்கே உட்கார்ந்தார். பிறகு நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிப் பக்கம் ரயில் போட்டார்கள். கப்பல் எல்லாம் ரயில் இருக்கிற துறைமுகத்துக்குப் போய்விட்டது. இங்கே அறுபது வருடம் கழித்து ரயில் வந்தபோது ஏற்றி இறக்கச் சரக்கே மிச்சமில்லை.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘அலைகள் பாடும் ஊர்’ என்று எல்லாரும் எழுதுகிறார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பாடி என்றால் குடியிருப்பு. காட்பாடி, மேல்பாடி என்கிற மாதிரி. கோட்டைக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கிற மாசிலாமணிநாதர் கோயிலில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 1306-ஐ ஒட்டியது. அதில் ஊர்ப் பெயர் சடங்கன்பாடி, அதாவது குலசேகரன்பட்டினம் என்று வருகிறது. டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு வருடம் முன்னாலேயே பாண்டியன் பெயர் வாங்கிய பட்டினம் இது. ‘டேனிஷ் ஊர்’ என்று ஒரே சொல்லில் முடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. அந்தக் கோயிலில் பாதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. நான் சின்னப் பையனாக இருந்தபோது நின்ற கல்தூண்கள் சில இப்போது தண்ணீருக்குள் கிடக்கின்றன.

அச்சுக்கோவை

பொறையார்மண் அண்ணா, உங்கள் ஊரில் கடுதாசிப்பட்டறை என்று ஒரு இடம் இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்! என் மொத்தக் காதலும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

நான் அச்சுத் தொழில் குடும்பம். தாத்தா ஈய எழுத்துக் கோத்தவர். அவர் சொல்லித்தான் முதல் தடவை தரங்கம்பாடி போனேன். 1706 ஜூலை 9-ம் தேதி சீகன்பால்கு, புளுட்சோ என்று இரண்டு ஜெர்மன் மிஷனரி இளைஞர்கள், டென்மார்க் அரசர் நாலாம் ஃபிரடெரிக் அனுப்பி, இந்தக் கரையில் இறங்கினார்கள். சீகன்பால்குக்கு அப்போது இருபத்துநாலு வயதுகூட முழுதாக ஆகவில்லை. தமிழ் படிக்க என்ன செய்தார் தெரியுமா? திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைப் பிள்ளைகளோடு தன் வீட்டுக்கே வரவழைத்து, அந்தப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். இரண்டு வருடத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்து, அவற்றுக்குப் பட்டியலே போட்டுவிட்டார். கோட்டைத் தளபதியோடு தகராறு வந்து அதே டேன்ஸ்போர்க் கோட்டையில் நாலு மாதம் சிறையிலும் இருந்தார். கோட்டைக்குள் போகிறவர்கள் இதையும் நினைத்துக்கொண்டு போங்கள். ஒரு மணி நேரத்தில் வெளியே வர மனசு வராது.

தமிழில் முதல் அச்சுப் புத்தகம் இங்கேதான் என்று சிலர் சொல்வது சரியில்லை. 1578-லேயே கொல்லத்தில் அண்ட்ரிக் அடிகளார் என்ற போர்த்துகீசியப் பாதிரியார் அச்சிட்டுவிட்டார். ஆனால் இங்கே நடந்தது வேறு விதத்தில் பெரிய காரியம். அச்சு எந்திரம் கப்பலில் வந்தது. தமிழ் எழுத்துகளை ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பினார்கள். வந்து பார்த்தால் எழுத்து ரொம்பப் பெரிது. அந்த அளவில் அச்சிட்டால் காகிதம் போதாது. அதனால் இங்கேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கி அதற்குப் பயன்படுத்தினார்கள். 1714, 1715-ல் புதிய ஏற்பாடு தமிழில் வெளிவந்தது. காகிதத் தட்டுப்பாடு தீராததால் பக்கத்திலேயே காகித ஆலையும் வைத்தார்கள். கடுதாசிப்பட்டறை என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். எழுத்து வார்ப்பு, காகிதம், அச்சு எல்லாம் மிதிவண்டி தூரத்துக்குள்.

சீகன்பால்கு 1719-ல் முப்பத்தாறு வயதில் இறந்தார். தான் கட்டிய புது எருசலேம் தேவாலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். எனக்கு மதத்தில் பெரிய ஈடுபாடு கிடையாது. ஆனாலும் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றபோது தாத்தாவின் மை படிந்த கட்டைவிரல்தான் ஞாபகத்துக்கு வந்தது. இன்று நாம் கைப்பேசியில் தட்டுகிற ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் முன்னால் எத்தனை பேர் ஈயத்தை உருக்கியிருக்கிறார்கள்!

இன்னொரு அருமையான எழுத்தும் இந்த ஊரோடு சேர்ந்தது. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்குப் பொன் ஏட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம். இன்றும் அது டென்மார்க்கின் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது.

நெய்தல்மகள்

எல்லாரும் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். சந்தோஷமாகவும் இருக்கிறது, கொஞ்சம் வலிக்கவும் செய்கிறது. நான் தரங்கம்பாடி மீனவக் குப்பத்துப் பெண். இப்போது சென்னையில் செவிலியர்.

நீங்கள் சொல்கிற ஊர் வாசல்வளைவில் தொடங்கிக் கோட்டையில் முடிந்துவிடுகிறது. எங்கள் ஊர் கோட்டைக்குப் பக்கத்தில், மணலில் தொடங்குகிறது. அப்பா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வாசலில் நின்று காற்றைப் பார்ப்பார். பார்ப்பார் என்றுதான் நாங்கள் சொல்வோம். எந்தத் திசைக் காற்று, வாடையா, கொண்டலா, சோழகமா, கச்சானா என்று முகத்திலேயே தெரிந்துவிடும். கச்சான் நிலத்திலிருந்து அடிக்கும் மேல்காற்று, போவதற்குச் சுலபம், திரும்புவதற்குக் கஷ்டம். வாடை காலத்தில் கடல் கலங்கி இருக்கும், அம்மா தூங்கவே மாட்டார். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை அறுபத்தோரு நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் கரை முழுக்க வலை பின்னுகிற கைகள்தான். சுற்றுலா வருகிறவர்கள் அதைப் படம் எடுப்பார்கள். எங்களுக்கு அது வருமானம் இல்லாத மாதங்கள்.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமைக் காலை. எனக்குப் பதினொரு வயது. அதைப் பற்றி இங்கே விரிவாக எழுத மாட்டேன். கோட்டை நின்றது, நாங்கள் போய்விட்டோம். என் தம்பி, பெரியம்மா, எதிர்வீட்டில் நாலு பேர். ஒவ்வொரு டிசம்பர் 26-ம் காலையில் கடலில் பால் ஊற்றிப் பூப் போட்டுவிட்டு வருகிறோம். அதே கடலுக்கு மறுநாள் தொழிலுக்கும் போகிறோம். அப்புறம் உள்ளே தள்ளி வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல வீடுகள்தான், ஆனால் அங்கிருந்து காற்றைப் பார்க்க முடியாது. அப்பா கடைசி வரை விடியற்காலையில் எழுந்து கரைக்கு நடந்து வந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஊர் சின்னதாகவே இருப்பது அழகு என்று சொல்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைக்க விரும்புகிறேன். ஆனால் என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் இப்போது ஊரில் இல்லை. வேலை இருந்தால் இருந்திருப்பார்கள். வீதியைப் பார்க்க வருகிறவர்கள் குப்பத்தையும் ஒரு முறை எட்டிப் பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். படம் எடுக்க இல்லை. காலை ஏழு மணிக்கு ஏலம் நடக்கும், வந்து நில்லுங்கள், பேசுங்கள், மீன் வாங்குங்கள்.

கடலோரநடை

நெய்தல்மகள், நீங்கள் எழுதியதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் ஒரு நாள் கழித்து எழுதுகிறேன். பதினோரு வருடமாகப் போகிறேன் என்று பெருமையாக எழுதினேன். அந்தப் பதினோரு வருடத்தில் கோட்டையைத் தாண்டித் தெற்கே மணலில் இறங்கி நடந்தது மூன்று நாலு தடவைதான். ராத்திரி அலைச் சத்தம் எனக்குத் தாலாட்டு மாதிரி இருந்தது. அதே சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உங்கள் அம்மா தூங்காமல் இருந்திருக்கிறார். இதை மறக்க மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்ல ஆசை. ஊர் வளரக் கூடாது என்பது என் எண்ணமே இல்லை. தட்டாரத் தெருவில் பழைய வீடுகளைச் சுண்ணாம்புக் காரையில் சரிசெய்கிறபோது, அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் கிடைப்பதே அரிதாக இருந்தது என்று அங்கே வேலை செய்த ஒருவர் என்னிடம் சொன்னார். சுண்ணாம்பை ஊறவைத்து, அரைத்து, பக்குவம் பார்ப்பது ஒரு கைத்தொழில். சிமெண்டைப் பூசினால் உப்புக் காற்றில் சுவர் உள்ளுக்குள்ளேயே ஈரத்தைப் பிடித்துக்கொண்டு உதிர்ந்துவிடும். சுண்ணாம்பு அந்த ஈரத்தை வெளியே விடும். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தால் வீதியும் நிற்கும், அவர்களும் ஊரிலேயே இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

பொறையார்மண்

தங்கச்சி, உங்கள் அப்பாவை எனக்குத் தெரிந்திருக்கலாம். விடியற்காலையில் பொறையாருக்கு மீன் கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் எங்கள் தெரு வழியாகத்தான் வருவார்கள். சுனாமி அன்று நான் இங்கே, வளைகுடாவில். மூன்று நாள் யாரோடும் தொலைபேசியில் பேச முடியவில்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் அறுபது பேர் தங்கியிருந்தார்கள் என்று பிற்பாடுதான் தெரிந்தது. அம்மா வாய் திறந்து சொல்லவே இல்லை, பக்கத்து வீட்டார் சொன்னார்கள்.

கொத்தனார் வேலை பற்றிச் சொன்னது சரி. என் பெரியப்பா வீட்டைச் சிமெண்டு பூசிக் கெடுத்தோம். ஐந்தாவது வருடமே சுவர் பொருபொருவென்று வந்துவிட்டது.

கோவைக்காரி

வணக்கம். ஒரு மாதமாக இந்த இழையைச் சத்தமில்லாமல் படித்து வருகிறேன். ஒரு உதவி வேண்டும். மாசி மாதம் திருக்கடையூரில் அப்பாவுக்கு சஷ்டியப்தபூர்த்தி. பன்னிரண்டு பேர் வருகிறோம். ஹோமம் எல்லாம் முடிந்து மறுநாள் ஒரு நாள் கையில் இருக்கிறது. மற்றவர்கள் வேளாங்கண்ணி போகலாம் என்கிறார்கள். எனக்கு அப்பா அம்மாவை மட்டும் கூட்டிக்கொண்டு தரங்கம்பாடியில் ஒரு ராத்திரி தங்க ஆசை. அப்பாவுக்கு முழங்கால் வலி. அம்மா கடலையே இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறார். சரியாக வருமா?

கடலோரநடை

தாராளமாக வாருங்கள். திருக்கடையூரிலிருந்து எட்டு கிலோமீட்டர் போலத்தான், பேருந்திலோ ஆட்டோவிலோ வந்துவிடலாம். மாசியில் மழை இல்லை, வெயிலும் இன்னும் ஏறியிருக்காது. நான் போகிற தையைவிட ராத்திரி சுகமாக இருக்கும்.

முழங்கால் வலிக்கு இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பழைய வீடுகளில் படிகள் உயரமாக இருக்கும். அறை சொல்லும்போதே கீழ்த்தளம் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். தங்குமிடங்கள் கொஞ்சம்தான், அதனால் நாளைக் குறித்தவுடனே சொல்லிவைப்பது நல்லது. சனி, ஞாயிறு தவிர்த்தால் வீதி உங்களுக்கே. அப்பாவை ராஜா வீதியில் மெதுவாக நடக்க வையுங்கள், முழுக்கச் சமதளம். கோட்டைக்குள் மாடிக்கு ஏற வேண்டியதில்லை, கீழே இருக்கிற வளைவு அறைகளில் உட்கார்ந்தால் மே மாதத்தில்கூடக் குளிர்ச்சியாக இருக்கும்.

பௌர்ணமியை ஒட்டி நாள் அமைந்தால் மாலை ஆறு மணிக்குக் கோட்டைக்கு முன்னால் இருங்கள். வேறு எந்த யோசனையும் வேண்டாம்.

நெய்தல்மகள்

அக்கா, தயவுசெய்து குளிக்க இறங்காதீர்கள். கரையோரம் கருங்கல் கொட்டியிருக்கிறது, கல்லுக்கு நடுவே பாசி வழுக்கும். தண்ணீர் அமைதியாகத் தெரியும், காலுக்கடியில் மணலை இழுக்கும். அம்மாவுக்குக் கால் நனைக்க ஆசையாக இருந்தால் குப்பத்துப் பக்கம் வந்து யாரிடமாவது சொல்லுங்கள், எங்கே நிற்கலாம் என்று காட்டுவார்கள். என் சித்தி அங்கேதான் கருவாடு காயப் போடுவார். சென்னையில் இருக்கிற செவிலியர்ப் பெண்ணின் சித்தி யார் என்று கேட்டால் போதும், எல்லாருக்கும் தெரியும்.

அச்சுக்கோவை

திருக்கடையூரிலிருந்து வரும் வழியில் தில்லையாடி இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் காந்தியோடு சத்தியாகிரகத்தில் சிறை போய், 1914-ல் பதினாறு வயதில் இறந்த வள்ளியம்மையின் பூர்வீக ஊர். அவருக்கு அங்கே நினைவு மண்டபம் இருக்கிறது. அரை மணி நேரம் ஒதுக்கிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கோவைக்காரி

போய்விட்டு வந்துவிட்டோம். எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

கீழ்த்தள அறையே கிடைத்தது. அப்பா முதல் நாள் ஹோமத்தில் களைத்திருந்தார், மதியம் வரை தூங்கினார். சாயங்காலம் ராஜா வீதியில் வாசல்வளைவு வரை போய், மறுபடி கடல் வரை நடந்தார். முழங்கால் பற்றிப் பேச்சே இல்லை. புது எருசலேம் தேவாலயத்தில் அச்சுக்கோவை எழுதியதை அவருக்குச் சொன்னேன். அப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், மணலில் எழுதிப் படித்தவனுக்குத்தான் எழுத்தின் அருமை தெரியும் என்றார். அவரும் அப்படிப் படித்தவர்தான்.

பௌர்ணமிக்கு மறுநாள்தான் எங்களுக்கு அமைந்தது. நிலா கொஞ்சம் தாமதமாக, ஏழு மணிக்கு மேல் வந்தது. முதலில் சிவப்பாக ஒரு கீற்று, கப்பல் எரிகிறதோ என்று அம்மா பயந்துவிட்டார். மேலே ஏறி, தண்ணீரில் எங்கள் வரைக்கும் வெளிச்சப் பாதை விழுந்ததும் அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அறுபது வயது அப்பாவும் ஐம்பத்தாறு வயது அம்மாவும் முந்தின நாள் மாலை மாற்றிக்கொண்டவர்கள். ஆனால் கல்யாணமானவர்கள் மாதிரி அருகருகே உட்கார்ந்தது கோட்டைக்கு முன்னால் இருந்த சுவரில்தான்.

காலையில் ஏலம் பார்த்தோம். சித்தியையும் பார்த்தோம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் கால் நனைக்க வைத்தார், முழு நேரமும் முழங்கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். கிளம்பும்போது நெத்திலிக் கருவாடு ஒரு பை நிறையக் கொடுத்துவிட்டார். காசு வாங்கவே மாட்டேன் என்றார், அப்பா பிடிவாதமாகக் கொடுத்தார். கோவை வரை பேருந்தில் எங்கள் பக்கத்து இருக்கைக்காரர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

நெய்தல்மகள்

சித்தி நேற்றே தொலைபேசியில் எல்லாம் சொல்லிவிட்டார் அக்கா. வாத்தியார் அய்யாவைப் பற்றித்தான் அதிகப் பேச்சு. கருவாட்டை அப்படியே டப்பாவில் போட்டு மூடிவிடாதீர்கள். கோவைக் காற்றில் ஈரம் வேறு மாதிரி. முதலில் ஒரு நாள் நல்ல வெயிலில் விரித்துக் காயவைத்துவிட்டு, காகிதத்தில் சுற்றி வையுங்கள். குழம்பு வைக்கிற அன்று சுடுதண்ணீரில் இரண்டு தடவை அலசுங்கள், உப்பு இறங்கிவிடும். கத்தரிக்காயும் மாங்காயும் சேர்த்தால் அம்மாவுக்குப் பிடிக்கும்.